வேட்டுக்குத் திடுக்கிடுகிறாள், பெயர் சொன்னால் திரும்பவில்லை: 14 மாதக் குழந்தைக்குக் காது கேட்கிறதா?

அம்பை மாமன்:

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி மகளுக்கு இப்போது 14 மாதம். நடக்கிறாள், சிரிக்கிறாள், கையை நீட்டினால் ஓடி வருகிறாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. ‘அம்மா’, ‘தாத்தா’ எதுவும் இன்னும் வரவில்லை. நாலைந்து மாதத்தில் நன்றாகக் குரல் கொடுத்தவள், இப்போது அதுவும் குறைந்துவிட்டது.

காது பார்க்கலாம் என்று நான் சொன்னதிலிருந்து வீட்டில் பஞ்சாயத்து. மச்சான் கட்சி: “அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல வேட்டு போட்டப்போ திடுக்கிட்டு அழுதாளே, கேக்காத பிள்ளையா அழும்?” ஆச்சி கட்சி: ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரருக்கே 5 வயது வரை பேச்சு வரவில்லை, செந்தூர் முருகன் சந்நிதியில்தான் வாய் திறந்தார், நம்ம பிள்ளைக்கும் தன்னால வரும். தினமும் வசம்பு உரசி நாக்கில் தடவுகிறார்கள். காட்டிய டாக்டரும் “ரெண்டு வயசு வரை பாருங்க” என்று சொல்லிவிட்டார்.

பிறந்தது 32 வாரத்தில், எடை 1.4 கிலோ. மஞ்சள் காமாலை ஏறி ஒரு முறை ரத்தம் மாற்றினார்கள். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொஞ்ச நாள் இருந்தாள். காத்திருக்கலாமா? இல்லையென்றால் எங்கே போக வேண்டும்?

மானூர் டீச்சர்:

ரெண்டு வயது வரை என்னத்தைப் பார்ப்பது? பெயருக்குத் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காது. மற்றதெல்லாம் அப்புறம்.

காதுக்காரி (ஆடியாலஜிஸ்ட், பாளை):

அண்ணாச்சி, இந்த வாரமே கிளம்புங்கள். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், மச்சானிடம் காட்ட உதவும்.

முதலில் வேட்டு. ஒரு மீட்டர் தள்ளி நின்று நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபெல். பக்கத்தில் வெடிக்கும் வேட்டு 120-ஐத் தாண்டும். 80 டெசிபெல் வரை ஒன்றுமே கேட்காத குழந்தைகூட அதற்கு அழும். அதுபோக வேட்டு தரையை அதிர வைக்கும், சுற்றி நிற்கிறவர்கள் துள்ளுவது கண்ணில் படும். ஆக, வேட்டுக்கு அழுதாள் என்பதை வைத்துப் பேச்சு கேட்கிறது என்று சொல்ல முடியாது. தட்டைத் தட்டுவது, கதவை அடிப்பது, முதுகுக்குப் பின்னால் கை தட்டுவது எல்லாம் இதே கதைதான். கை தட்டினால் காற்று படும், நிழல் விழும். காது கேட்காத பிள்ளைகள் கண்ணால் படுகெட்டி. உங்கள் முகத்தைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுவார்கள்.

இன்னொரு சிக்கல், எல்லா ஒலியும் ஒரே மாதிரி குறைவதில்லை. ஆ, ஊ, ம் போன்றவை தாழ்ந்த சுருதி. ஸ், ஷ் போன்றவை உயர்ந்த சுருதி, சன்னமானவை. முதல் வகை மட்டும் கேட்கிற பிள்ளைகள் நிறைய. கூப்பிட்டால் திரும்பும், லாரி ஹாரனுக்குத் திரும்பும், ஆனால் பேச்சு தெளியாது. வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது.

குரல் கொடுப்பது குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. முதல் சில மாதங்கள் காது கேட்காத குழந்தையும் ‘ங்ஙா’ என்று குரல் கொடுக்கும். ஆறு மாதத்துக்கு மேல் ‘பபப, மமம’ என்று அடுக்குவது காதில் விழுந்தால்தான் வளரும். உங்கள் மருமகள் 8 வாரம் முன்னால் பிறந்தவள், அதைக் கழித்தாலும் 12 மாதம் ஆகிறது. பெயருக்குத் திரும்பவும் ஒன்றிரண்டு சொல் வரவும் இது போதுமான வயது.

உலகமெங்கும் சொல்லும் கணக்கு 1-3-6. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உண்டா, எவ்வளவு என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடக்கம். மூளையில் ஒலியைப் பிரித்தறியும் பகுதி முதல் மூன்று, மூன்றரை வயதுக்குள்தான் வேகமாக உருவாகிறது. அதுவரை அங்கே ஒலி போய்ச் சேரவில்லையென்றால் அந்த இடத்தைப் பார்வை போன்ற வேறு புலன்கள் எடுத்துக்கொள்ளும். குமரகுருபரருக்கு முருகன் இருந்தார். ஆச்சியிடம் சொல்லுங்கள், செந்தூருக்கும் போகலாம், போகிற வழியில் பாளையங்கோட்டையில் இறங்கி டெஸ்டும் எடுத்துவிடலாம்.

வசம்பை நிறுத்துங்கள். தடை நாக்கில் இல்லை. வாந்தியும் மயக்கமுமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதும் நடக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டு தந்திருப்பார்கள். அதில் காது டெஸ்ட் பற்றி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஜென்டாமைசின், அமிக்காசின் என்று ஊசி மருந்து பெயர் இருந்தாலும் சொல்லுங்கள். கிருமிக்கு அவை தேவைப்படும் மருந்துகள்தான், ஆனால் உள்காதைப் பாதிக்கக்கூடியவை.

அம்பை மாமன்:

ரொம்ப நன்றி மேடம். சீட்டைத் தேடி எடுத்தோம். அமிக்காசின் இருக்கிறது. அடியில் ‘ஓ.ஏ.இ., இரு காதும் பாஸ்’ என்றும் எழுதியிருக்கிறது. மச்சானுக்கு இப்போது கை ஓங்கிவிட்டது! பாஸ் ஆனவளுக்கு மறுபடி எதற்கு டெஸ்ட் என்கிறார்.

நாங்குநேரியான்:

நியாயமான கேள்விதானே? பாஸ் என்றால் பாஸ். ஆஸ்பத்திரிக்காரர்கள் டெஸ்டுக்கு மேல் டெஸ்ட் எழுதுவது புதுசா என்ன.

காதுக்காரி:

நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது.

ஓ.ஏ.இ. என்பது காதுக்குள் சின்னக் குமிழ் ஒன்றை வைத்து மெல்லிய ஒலி அனுப்பும் சோதனை. உள்காதில் நத்தை வடிவில் காக்ளியா இருக்கிறது. அதன் வெளிமயிர் செல்கள் நன்றாக இருந்தால் அந்த ஒலிக்கு ஒரு எதிரொலி திரும்பி வரும், கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். 1978-இல் டேவிட் கெம்ப் கண்டுபிடித்த விஷயம். வலிக்காது, தூங்கும் குழந்தைக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அது காக்ளியாவோடு நின்றுவிடும். அங்கிருந்து நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகும் பாதையை அது பார்ப்பதே இல்லை.

குறைமாதம், ரத்தம் மாற்றும் அளவுக்கு ஏறிய காமாலை, மூச்சுத் திணறல் என்று வந்த குழந்தைகளில் சிலருக்குக் காக்ளியாவின் வெளிமயிர் செல்கள் நன்றாக இருக்கும், அதற்கு அப்பால் நரம்பு ஒலியைச் சரியான நேரத்தில் கொண்டுபோகாது. ஆடிட்டரி நியூரோபதி என்று பெயர். கொடை நடக்கும்போது மூன்று தெரு தள்ளிக் கேட்கும் குழாய் ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வருகிறது, பாட்டு என்ன பாட்டு என்று புரியாது. இந்தக் குழந்தைகள் ஓ.ஏ.இ.யில் பாஸ் ஆவார்கள், பேச்சு வராது. அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு அந்த நரம்புப் பாதையைப் பார்க்கும் ‘பெரா’ டெஸ்டும் கட்டாயம் என்பது விதி. இது போக, பிறக்கும்போது நன்றாகக் கேட்டு, அப்புறம் மாதங்கள் போகப் போகக் குறைவதும் உண்டு. கருவில் சைட்டோமெகலோ வைரஸ் தாக்கியவர்களுக்கு, மூளைக்காய்ச்சல் வந்தவர்களுக்கு, சில மரபுக் குறைபாடுகளில்.

பிறந்த அன்று பாஸ் என்றால் அன்று காக்ளியா பாஸ். அவ்வளவுதான்.

கடையம் தங்கம்:

அண்ணாச்சி, என் மகனுக்கு இது எல்லாம் பார்த்தாயிற்று. காக்ளியர் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி) வைத்திருக்கிறோம். இப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டில் பீடி சுற்றிக்கொண்டே தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெராவுக்குப் போகும் முன் ஒரு விஷயம். பிள்ளை தூங்க வேண்டும், சும்மா படுத்தால் போதாது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பட்டன் மாதிரி ஒட்டுவார்கள், காதில் டிக் டிக் என்று சத்தம் விடுவார்கள், மூளையில் இருந்து அலை வருகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். பிள்ளை அசைந்தால் அலை கெட்டுப்போகும். அதனால் முதல் நாள் ராத்திரி நேரம் கழித்துத் தூங்க வைத்து விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள். பஸ்ஸில் தூங்க விடாதீர்கள்! அம்பையில் ஏறினால் சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் எந்தப் பிள்ளையும் சாய்ந்துவிடும், நீங்கள்தான் விளையாட்டுக் காட்டிக்கொண்டே போக வேண்டும். அங்கே போனதும் வயிற்றுக்குக் கொடுத்து இருட்டு அறையில் தட்டிக் கொடுத்தால் தூங்கும். தூங்கவில்லை என்றால் சிரப் கொடுப்பார்கள். அதை டாக்டர்தான் எடை பார்த்துக் கொடுக்க வேண்டும், யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் வாங்கி வீட்டிலேயே ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். குறைமாதப் பிள்ளை என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

எங்கே என்றால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி. காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்றும் கேளுங்கள், பிறவிக் குறைபாடு உள்ள சின்னப் பிள்ளைகளுக்கென்றே இருப்பது. அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு தடவை வரும் டாக்டர் வண்டியிடம் சொன்னாலும் அங்கே எழுதிக் கொடுப்பார்கள்.

நாங்குநேரியான்:

ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். அண்ணாச்சியின் தங்கச்சி சொந்தத்தில் கட்டியவர்தானே? அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டினால் இப்படித்தான் வரும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடையம் தங்கம்:

நான் அசலில்தான் கட்டினேன். என் மகனுக்கு எப்படி வந்தது? வீட்டில் ஏற்கெனவே தங்கச்சி அழுதுகொண்டு இருப்பாள், அதில் இது வேறு.

காதுக்காரி:

இதில் இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பிறவிக் கேளாமையில் பெரும்பகுதி மரபு வழி. அதில் மிகுதியும், தாய் தகப்பன் இருவரும் நன்றாகக் கேட்கிறவர்களாக இருந்து, இருவரிடமும் ஒரே ஜீனில் மறைந்த குறை ஒன்று இருக்கும் வகை. அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது’ என்று கணக்குப் போட முடியாது. கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான ஜீன் இதில் முக்கியமானது. சொந்தத்தில் கட்டும்போது இருவரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். அசலில் கட்டினால் குறையும், இல்லாமல் போகாது.

ஆனால் இந்தக் குழந்தைக்கு எடைக்குறைவு, காமாலை, அமிக்காசின் என்று மூன்று காரணங்கள் சீட்டிலேயே கிடக்கின்றன. சொந்தம் அசல் என்ற பேச்சை அடுத்த பிள்ளைக்கு முன்னால் மரபணு ஆலோசனைக்குப் போகும்போது வைத்துக்கொள்ளலாம். இப்போது அதைப் பேசினால் மாமியார் வீடும் அம்மா வீடும் சண்டை போடும், டெஸ்ட் ஒரு மாதம் தள்ளிப்போகும். நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நெறியாளர்:

கல்யாண முறை விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே குழந்தையைப் பற்றி மட்டும்.

மானூர் டீச்சர்:

எல்லாம் நரம்பு, ஆபரேஷன் என்றே போகிறது. பள்ளிக்கூடத்தில் நான் பார்ப்பது வேறு ரகம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள், சளி விடாது, வாயைத் திறந்தபடி மூச்சு விடும், ‘ஆங்? என்ன டீச்சர்?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்து எழுதும். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டும். சொன்னால் கேட்காத பிள்ளை என்று அடி வாங்கும். செவிப்பறைக்குப் பின்னால் கோந்து மாதிரி நீர் கட்டிக்கொள்வதுதான் அங்கே கோளாறு. டிம்பனோமெட்ரி என்று சின்ன டெஸ்டில் தெரிந்துவிடும். பல பேருக்கு மூன்று மாதத்தில் தானாக வற்றும். வற்றாவிட்டால் சின்னத் துளையிட்டு குரோமெட் என்ற குழாய் வைப்பார்கள், மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதை வீங்கியிருந்தால் அதையும் எடுப்பார்கள். வகுப்பில் அந்தப் பிள்ளை அப்புறம் ஆளே மாறிவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்தில் இதற்கெல்லாம் முதல் வைத்தியம் காதில் காய்ச்சிய எண்ணெய், அடுத்தது கோழி இறகு. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே உள்ளே போகும். சீழ் வடியும் காதோடு ஆற்றில் முங்கவும், குற்றாலத்தில் தலையைக் கொடுக்கவும் விடுகிறார்கள். பால் பாட்டிலைப் படுக்க வைத்துக் கொடுப்பதும் காதுச் சளிக்கு ஒரு வழி.

நாங்குநேரியான்:

சரி, நியூரோபதி பற்றி எழுதியதைப் படித்தேன், விளங்கிற்று. ஆனால் காக்ளியர் ஆபரேஷன் என்பது மண்டை எலும்பைக் குடைந்து கம்பி சொருகுவது. ஒரு வயதுப் பிள்ளைக்கு அதைச் செய்யலாமா? ஜங்ஷன் பக்கம் கடைகளில் காது மெஷின் சில ஆயிரத்துக்கே கிடைக்கிறதே.

காதுக்காரி:

ஒரு வயதில் செய்வதுதான் நல்லது. ஆனால் யாருக்கும் எடுத்த எடுப்பில் ஆபரேஷன் இல்லை. முதலில் காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் கருவி, அந்தக் குழந்தையின் டெஸ்ட் முடிவுக்கு ஏற்ப அளவு வைத்தது. சில மாதம் அதைப் போட்டுப் பயிற்சி கொடுத்து முன்னேற்றம் பார்ப்போம். மிதமான குறை உள்ள பிள்ளைகள் பலர் அதிலேயே நன்றாகப் பேச வந்துவிடுவார்கள். மிகக் கடுமையான குறைக்குக் கருவி எட்டாது. அப்போதுதான் காக்ளியர். காதுக்குப் பின்னால் எலும்பில் வழி எடுத்துக் காக்ளியாவுக்குள் மெல்லிய மின்முனை இழை ஒன்றை வைப்பார்கள், அது நரம்பை நேரடியாகத் தூண்டும். முகத்தின் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துக் காது நரம்பு இருக்கிறதா, காக்ளியா சரியாக உருவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். மூளைக்காய்ச்சல் அபாயத்தைக் குறைக்க நிமோகாக்கல் தடுப்பூசியும் போட்டாக வேண்டும்.

மூளைக்காய்ச்சல் வந்து காது போன குழந்தைக்கு மட்டும் பொறுமையே கூடாது. காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடும், அப்புறம் இழை நுழையாது. அங்கே சில வாரங்களுக்குள் முடிவெடுத்துவிட வேண்டும்.

கடை மெஷின் வெறும் ஒலிபெருக்கி. எல்லாவற்றையும் ஒரே அளவில் பெரிதாக்கும். எந்தச் சுருதியில் எவ்வளவு குறை என்று தெரியாமல் குழந்தைக்கு மாட்டினால் மிச்சம் இருப்பதும் கெடலாம்.

கடையம் தங்கம்:

காசு விஷயம் நான் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் உண்டு, 6 வயதுக்குள் இருக்க வேண்டும். கையில் இருந்து போட்டால் லட்சக் கணக்கில் ஆகும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு இரண்டும் எடுத்துக் காப்பீட்டு அட்டையை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். பிள்ளை பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், அதில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் எழுதிப் போட்டுவிடுங்கள், பள்ளிச் சலுகை, பஸ் எல்லாம் அதை வைத்துத்தான்.

அப்புறம் ஒன்று, ஆபரேஷன் முடிந்த அன்று பிள்ளைக்குக் கேட்காது. புண் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் வெளியே மாட்டும் கருவியை வைத்து ‘ஸ்விட்ச் ஆன்’ செய்வார்கள். என் மகன் அன்றைக்கு வீல் என்று கத்தினான். சினிமாவில் வருகிற மாதிரி அம்மா என்று திரும்பிப் பார்ப்பான் என்று யாரும் நினைத்துப் போகாதீர்கள். அதிலிருந்து திரும்பத் திரும்ப மேப்பிங் (பிள்ளைக்கு ஏற்ப கருவியின் அளவைச் சரிசெய்வது), வாரா வாரம் பயிற்சி. பயிற்சியில் அவர்கள் நமக்குத்தான் சொல்லிக் கொடுப்பார்கள், வீட்டில் பேச வேண்டியது நாம். கருவியின் உதிரிப் பாகங்கள் விலை அதிகம். வாரண்டி முடிந்தபின் ஒரு வயர் போனால்கூட வயிறு கலங்கும். அதற்கென்று மாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

பாளை பழைய மாணவன்:

நான் ரொம்ப நாளாக வாசிக்கிறவன், எழுதுவது குறைவு. எனக்கு இரண்டு காதும் பிறவியில் இருந்தே கேட்காது. பாளையங்கோட்டை ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தேன். 1890-களில் தொடங்கிய பள்ளி அது. இப்போது அச்சகத்தில் வேலை.

இங்கே எல்லோரும் காதைப் பற்றியே பேசுகிறீர்கள். டெஸ்ட், கருவி, ஆபரேஷன், பயிற்சி எல்லாம் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் அவை எல்லாம் முடிந்து வாயில் பேச்சு வர இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை அந்தக் குழந்தை வயிறு வலிக்கிறது என்பதை எதைக் கொண்டு சொல்லும்? பயமாக இருக்கிறது என்பதை? நான் விடுதிக்கு வரும்வரை எனக்கு மொழியே கிடையாது. சோறு, தண்ணீர், வெளிக்குப் போவது, மூன்றுக்கும் வீட்டுச் சைகை மூன்று. கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். என்ன என்று கையால் கேட்பேன். ‘அப்புறம் சொல்றேன்’ என்று கையைக் காட்டுவார்கள். அந்த அப்புறம் வரவே வராது. பள்ளியில் அண்ணன்மார் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் முதன்முதலாகக் கதை கேட்டேன், சண்டை போட்டேன், பொய் சொன்னேன்.

சைகை மொழியை இப்போதே தொடங்குங்கள். அப்பா, அம்மா, ஆச்சி எல்லோரும் படியுங்கள்.

கடையம் தங்கம்:

அண்ணே, நீங்கள் சொல்வது மனசைத் தைக்கிறது. ஆனால் எங்கள் பயிற்சியாளர் கையைக் காட்டவே கூடாது, காட்டினால் பிள்ளை காதை உபயோகிக்காது என்றார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசச் சொல்வார், உதட்டைக்கூடப் பார்க்கக்கூடாது என்று. நாங்கள் அப்படித்தான் செய்தோம், பேச்சு வந்தது.

பாளை பழைய மாணவன்:

உங்கள் மகனுக்கு வந்தது, சந்தோஷம். வராத பிள்ளைகளை நீங்கள் பார்த்ததில்லை. அவர்கள் பத்து வயதில் எங்கள் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள். பேச்சும் இல்லை, சைகையும் இல்லை. பத்து வருடம் போனது போனதுதான்.

காதுக்காரி:

என் தொழிலில் இருப்பவர்களே இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். காக்ளியர் வைத்த பிள்ளைக்குக் கேட்டுப் பழகும் நேரம் நிறைய வேண்டும், அதில் தங்கம் சொல்வது சரி. ஆனால் சைகை கற்றதால் பேச்சு வராமல் போகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. கருவி வரும் முன்னால் உள்ள மாதங்களில் சைகை வேண்டாம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். குழந்தைக்கு ஏதோ ஒரு மொழி தடையில்லாமல் போய்ச் சேர வேண்டும். நியூரோபதி போன்றவற்றில் எவ்வளவு கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது, அங்கே கண்ணுக்குத் தெரியும் மொழி இன்னும் அவசியம். இந்திய சைகை மொழிக்கு 2015-இல் டெல்லியில் மத்திய அரசு தனி ஆய்வு, பயிற்சி மையம் தொடங்கியது. அவர்களுடைய அகராதி வீடியோக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய மாணவர் தம்பி போன்றவர்கள் வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து குழந்தையோடு விளையாடினால் அதைவிட நல்லது.

அம்பை மாமன்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். மச்சான் வரவில்லை, தங்கச்சியும் நானும் ஆச்சியும்தான் போனோம். தங்கம் அக்கா சொன்ன மாதிரி பஸ்ஸில் தூங்க விடவில்லை, ஆச்சிதான் தூங்கினார்கள். ஓ.ஏ.இ.யில் எதிரொலி வந்தது. பெராவில் இரண்டு பக்கமும் அலை இல்லை. மேடம் எழுதியதேதான், நியூரோபதி என்று எழுதித் தந்திருக்கிறார்கள். முடிவைக் கையில் வாங்கியதும் ஆச்சி கேட்ட முதல் கேள்வி, “எப்ப வந்து மெஷின் வாங்கணும்?” மச்சான் இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆனால் வருமானச் சான்றுக்கு அவரேதான் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போயிருக்கிறார்.

பெராவில் ஒன்றும் வரவில்லை என்றால் முழுச் செவிடு என்று அர்த்தமா? அங்கே கூட்டம், கேட்க முடியவில்லை.

காதுக்காரி:

இல்லை. நியூரோபதியில் பெரா அலையை வைத்து எவ்வளவு கேட்கும் என்று சொல்லவே முடியாது. கொஞ்சமாகக் குறைந்தவர்களுக்கும் அலை வராது, முழுக்கக் கேட்காதவர்களுக்கும் வராது. அடுத்து குழந்தையின் நடத்தையை வைத்துச் செய்யும் சோதனை. ஒலிபெருக்கியில் சத்தம் விட்டு, திரும்பிப் பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும். ஆறு மாதத்தில் இருந்தே செய்யலாம், உங்கள் மருமகளுக்கு ஏற்ற வயது. ஒரே நாளில் முடியாது, திரும்ப வரச் சொல்வார்கள், சலிக்காதீர்கள். அந்த அளவை வைத்துக் கருவி மாட்டிப் பார்ப்பார்கள். சில மாதத்தில் பலன் தெரியவில்லை என்றால் காக்ளியர் பற்றிப் பேசுவார்கள், நரம்பு இருக்கும் நியூரோபதிக் குழந்தைகள் பலருக்கு அது கைகொடுக்கிறது.

கருவி வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று. தினமும் காலையில் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாயை மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகள் சொல்லுங்கள்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். எதற்குத் திரும்புகிறாள், எதற்கு இல்லை என்று நோட்டில் குறியுங்கள். எங்களிடம் வரும்போது அந்த நோட்டு பெரிய உதவி. மற்றபடி பக்கத்தில் இருந்து பேசுங்கள். தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும், அடுக்களையில் இருந்து திண்ணைக்குக் கத்துவதில் பயன் இல்லை. டிவியை அணையுங்கள். உளுந்து அரைக்கும்போது உளுந்தைப் பற்றி, துணி காயப்போடும்போது துணியைப் பற்றி, ஆச்சி வாய் ஓயாமல் பேசட்டும். ஆச்சிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கடையம் தங்கம்:

காது அச்சு (மெஷினோடு சேர்த்துக் காதுக்குள் பொருத்துவது) மூன்று, நாலு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும், பிள்ளையின் காது வளர்ந்துவிடும். மெஷின் ‘கீ’ என்று விசில் அடித்தால் அச்சு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், சத்தத்தைக் குறைத்து வைக்காதீர்கள், அச்சை மாற்றுங்கள். நம்ம ஊர் வேர்வைக்கு ராத்திரி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூடிவிடுங்கள். கழற்றி எறிவாள், சட்டையோடு நூல் கட்டிக் கிளிப் போடுங்கள். பேட்டரி மூடிக்குப் பூட்டு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பட்டன் பேட்டரியை முழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும், ஓட வேண்டியதுதான்.

தென்காசி சாரல்:

இழையில் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு முந்தாநாள் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நிறைமாதம், 3 கிலோ, ஒரு பிரச்சினையும் இல்லை. இன்று காது டெஸ்டில் வலது பக்கம் ‘ரெஃபர்’ என்று வந்துவிட்டது. இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

காதுக்காரி:

தூங்குங்கள். ‘ரெஃபர்’ என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம் இல்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். பிறந்த ஒன்றிரண்டு நாளில் காதுக்குழாயில் கருவறைக் கசடும் நீரும் இருக்கும், குழந்தை அசைந்திருக்கலாம், அறையில் சத்தம் இருந்திருக்கலாம். இப்படி வருபவர்களில் பெரும்பாலோர் மறு டெஸ்டில் பாஸ் ஆகிவிடுவார்கள். ஆனால் அதையே சாக்காக வைத்து மறு டெஸ்டுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், எங்களுக்குத் தப்பிப்போகும் குழந்தைகள் அங்கேதான். காதில் எதையும் விடாதீர்கள், குடையாதீர்கள். இரண்டு வாரம் கழித்து, ஒரு மாதம் முடிவதற்குள், இரண்டு காதுக்கும் எடுங்கள். மறுபடி ‘ரெஃபர்’ வந்தால் நேரே பெரா.

தென்காசி சாரல்:

சரி அக்கா. தேதி வாங்கிவிட்டு வந்து சொல்கிறேன். ஆச்சி ஒருத்தர் எங்கள் வீட்டிலும் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறார்.